‘சேட்டை’ என்று எழுதுமுன்

வாடிப்பட்டி வட்டாரப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு தாளைக் காட்டினீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி, ‘அதிகச் சேட்டை. அடங்காதவன். அடிக்கிறான்’ என்று எழுதியிருந்தது. “இத வச்சு எங்க டீச்சர் அனுப்பலாம்?” என்று கேட்டீர்கள். பஸ் வந்துவிட்டதால், “அனுப்பாதீங்கம்மா, முதல்ல போய்ப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வகுப்பாசிரியையாக இருந்து, பிறகு சிறப்புக் கல்வி படித்து, இந்தப் பக்கத்து ஊர்களில் அலைந்து கற்றது இது. பாதிக்கு மேல் தப்புச் செய்து கற்றது.

1. தீர்ப்பை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்.

‘அடங்காதவன்’ என்பது உங்கள் எரிச்சல். ‘செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி, கணக்குப் பாடம். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னதும் பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்தான்’ என்பது நடந்தது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: அதற்குமுன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள். மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் எழுத மறப்பார்கள், ஏனென்றால் அதில் இருப்பது நாம். நோட்டைக் கிழித்தவனை வராந்தாவில் நிற்கவைத்தீர்கள், கணக்கிலிருந்து தப்பித்தான். நாளைக்கும் கிழிப்பான். இரண்டு வாரம் விடாமல் எழுதினால், அவனுக்குப் பலகை எழுத்து தெரியவில்லையா, கணக்கு புரியவில்லையா, அந்தப் பக்கத்துப் பையன் ஏதாவது சீண்டுகிறானா என்பது உங்கள் கையெழுத்திலேயே வெளிவரும்.

2. முதலில் காது, கண், வயிறு, தூக்கம்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கூப்பிட்டால் திரும்பாது. கதை சொன்னால் பக்கத்தில் இருப்பதைக் கிள்ளும். ‘பிடிவாதம்’ என்று எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு மருத்துவ முகாமில்தான் தெரிந்தது, காதில் சீழ் வடிந்து வடிந்து அதற்குப் பாதிதான் கேட்கிறது என்று. அந்த இரண்டு வருஷத்தை நான் அதற்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பலகை தெரியாத பிள்ளை எழுந்து எழுந்து போய்ப் பார்க்கும், நாம் அதைச் சேட்டை என்போம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் மதுரையில் இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளை திட்டு வாங்க வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்போடு நின்ற திட்டம். ஆறாம் வகுப்புக்குப் போனதும் ஒரு பையனுக்குப் பத்தரை மணிக்குக் கோபம் வருகிறதென்றால், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், கையில் செல்போன் இருந்ததா என்றும் கேளுங்கள். இன்னொன்று: பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி கண் நிலைகுத்தி நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும் பிள்ளையைக் ‘கனவு காணுது’ என்று வையாதீர்கள். வலிப்பில் அப்படி ஒரு வகை உண்டு.

3. ஓர் இடத்தில் பார்த்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு என்று மருத்துவர்கள் சொல்ல வேண்டுமென்றால், அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். நம் கணக்குப் பாடத்தில் மட்டும் நெளிகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சத்துணவு வரிசையில், தண்ணீர்க் குழாயடியில், கபடி ஆடும்போது, வீட்டு வாசலில் என்று நான்கு இடத்திலாவது பாருங்கள். வீட்டில் சாதுவாகவும் பள்ளியில் புலியாகவும் இருந்தால் பள்ளியைப் பாருங்கள். பள்ளியில் பம்மிக் கிடந்து வீட்டில் பாத்திரத்தை எறிந்தால், அது பகலெல்லாம் எதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று யோசியுங்கள்.

4. “எப்போதிருந்து?” என்று கேளுங்கள்.

இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடிக்கும். பிறந்ததிலிருந்து இப்படி என்றால் ஒரு வழி. போன ஆடிவரைக்கும் நன்றாக இருந்தான் என்றால் வேறு வழி. அப்பா திருப்பூருக்குப் போய்விட்டாரா, அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருக்கிறாளா, வீட்டில் சாவு விழுந்ததா, ராத்திரி குடித்துவிட்டு வந்து யாராவது அடிக்கிறார்களா? அம்மாச்சியிடம் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அவற்றின் கோபத்துக்கும் பயத்துக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கும்.

ஊர் நாட்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். பாலமேடும் அலங்காநல்லூரும் நம் தாலுகாதான். ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிற வீட்டுப் பையன் தை மாதம் வகுப்பில் உட்காரவில்லை என்றால் அது நோயல்ல, ஊர் வழக்கம். மாசி முடிந்தும் உட்காரவில்லை என்றால் அப்போது நோட்டை எடுங்கள்.

5. சத்தம் போடாத பிள்ளையையும் தேடுங்கள்.

நம்மிடம் வருகிற பட்டியலில் நமக்குத் தொந்தரவு கொடுக்கிற பிள்ளைகள்தான் இருக்கும். கடைசி வரிசையில் ‘தங்கமான பிள்ளை’ என்று பெயர் வாங்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல், திங்கட்கிழமைதோறும் வயிற்று வலி என்று சொல்லும் ஒரு பெண் இருப்பாள். வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு சொல் கிடையாது என்று சிலர் இருப்பார்கள். அதைத் திமிர் என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது பதற்றம். பேசு பேசு என்று நிற்கவைத்தால் இன்னும் இறுகும்.

6. மேளத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளை.

வாடிப்பட்டி மேளம் பேர் பெற்றது. கல்யாணமென்றாலும் சாமி புறப்பாடென்றாலும் அது முழங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் முன்னால் ஓடும். ஒன்று மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறும். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, நம் கண்ணைப் பார்க்கிறதா, சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக் கொண்டே இருக்கிறதா, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். பல ஒன்றாக இருந்தால் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வல்லவர்களிடம் அனுப்பலாம். அதற்கென நம் நாட்டில் 40 கூறுகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையோடு இருந்து பார்த்துப் போடுவது அது. வாசற்படியில் நின்றுகொண்டு தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கன்வாடி வயதிலேயே கண்டுபிடித்து அனுப்பும் கடமை உண்டு.

7. வினாத்தாள் ஒரு வலைதான், மீன் அல்ல.

பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட ‘வலிமைகளும் சிரமங்களும்’ வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. 25 வாக்கியம். மனச்சங்கடம், நடத்தை, துடிப்பும் கவனமும், சக பிள்ளைகளோடு உறவு, பிறருக்கு உதவும் குணம் என ஐந்து பகுதி, பகுதிக்கு ஐந்து. முதல் நான்கைக் கூட்டினால் 40க்கு இத்தனை என்று வரும். ஐந்தாவதைக் கூட்டுவதில்லை, அது பிள்ளையின் வலிமை.

அதை ஆசிரியரும் நிரப்ப வேண்டும், தாயும் நிரப்ப வேண்டும். பதினொரு வயது தாண்டியிருந்தால் பிள்ளையே நிரப்பும் தாளும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள், ஆனால் பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் பொய் சொல்கிறார் என்று பார்க்காதீர்கள். அந்த வித்தியாசமே ஒரு செய்தி. எண் கூடுதலாக வந்தால் ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்று பொருள். நோயின் பெயர் அதில் எழுதியிருக்காது.

8. வீட்டுக்குப் போனால் புகாரோடு போகாதீர்கள்.

கொடிக்காலிலோ களையெடுப்பிலோ இருந்து வந்த தாய் உங்களைப் பார்த்ததுமே, “என்ன டீச்சர், இவன் என்ன செஞ்சான்?” என்று விளக்குமாற்றைத் தேடுவாள். கொடுக்கிற டீயைக் குடியுங்கள். “பிள்ளை எதுல கெட்டிக்காரன்?” என்று தொடங்குங்கள். தானே குளிக்கிறானா, பித்தான் போடுகிறானா, கடைக்குப் போய் மிச்சச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, தங்கச்சியைப் பார்த்துக்கொள்வானா என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் காட்டாத பிள்ளை அங்கே தெரியும்.

பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிச்சாச்சு என்பார்கள். சிரித்துவிடாதீர்கள். “நல்லது, சாமியும் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டும்” என்று சொன்ன வீடுகளில்தான் எனக்கு அடுத்த முறையும் கதவு திறந்தது.

9. பிள்ளையிடமும் கேளுங்கள். சொன்னதைத் தாங்குங்கள்.

“ஏன் அடிச்ச?” என்றால் பதில் வராது. படம் வரையவிடுங்கள். “இன்னைக்கு எந்த நேரம் பிடிச்சுச்சு, எந்த நேரம் பிடிக்கல?” என்று கேளுங்கள். பிடிக்காத நேரத்தில் ஒரு ஆசிரியரின் பிரம்பு வந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். தொடக்கூடாத விதத்தில் ஒருவர் தொட்டதாகப் பிள்ளை சொன்னால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்வோம் என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவவும் வேண்டாம். சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 1098 என்ற சிறார் உதவி எண் எந்நேரமும் எடுக்கப்படும்.

10. அனுப்பும்போது பாதி வழி கூடப் போங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து மதுரை சுமார் 25 கிலோமீட்டர். நமக்கு அது ஒரு பஸ். அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி. எந்தக் கிழமை, எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குச் சீட்டு என்று விசாரித்து எழுதிக்கொடுங்கள். முதல் தடவை முடிந்தால் கூடப் போங்கள். 2013இல் வந்த சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கும், இரண்டுமுறை அங்கன்வாடிக்கும் வரவேண்டும். அது வரும் நாளில் உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் செல்லமுத்து அறக்கட்டளை மதுரையில் மனநலப் பணி செய்கிறது. பேசித் தெளிய 14416 என்ற இலவச எண் உண்டு. கூடவே உங்கள் நோட்டின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். அரைமணி நேரம் பார்க்கிற மருத்துவருக்கு நீங்கள் பார்த்த இரண்டு வாரம் பெரிய உதவி.

11. சான்றிதழோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் உண்டு. உரிமை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும், வாங்கிக்கொடுங்கள். ஆனால் மதிப்பீடு செய்ததன் பயன் வகுப்பில் தெரிய வேண்டும். முன் வரிசையில் இடம், பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, நடுவில் எழுந்து தண்ணீர்க் குடத்தைப் பார்த்துவர ஒரு வேலை, இப்படி ஒன்றாவது மாறவேண்டும். ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எழுதுங்கள். எட்டு வயதில் எழுதியது பதினான்கு வயதிலும் அந்தப் பிள்ளையைத் துரத்தக்கூடாது.

அந்தத் தாளைக் கொண்டுவந்த தங்கைக்குத் தனியாக ஒன்று. அதைக் கிழித்துவிடுங்கள். வருகிற திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் புது நோட்டில் தேதி எழுதி மூன்று கட்டம் போடுங்கள். முதல் இரண்டு வாரம் அந்தப் பையனைத் திருத்தாதீர்கள், பாருங்கள்.