மலைப்பாதை ஜீப்பும் தடையுறு அலைவும்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

முன்னுரை

தனிச்சீரிசை இயக்கத்தையும் தடையுறு அலைவையும் நம் பேராசிரியர் கரும்பலகையில் விளக்கியபோது, தேர்வில் 10 மதிப்பெண் பெறுவதற்கு அப்பால் அவற்றால் எனக்குப் பயன் உண்டு என்று நான் எண்ணியதில்லை. சென்ற கோடை விடுமுறை அவ்வெண்ணத்தை மாற்றிற்று. கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு ஷாக் அப்சார்பரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். பட்டறையில் கற்றதையும் பாடநூலில் கற்றதையும் சேர்த்து, நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

நடந்தது

என் படிப்புச் செலவை ஏற்றிருப்பவர் என் தாய்மாமன். அவருடைய வருவாய் ஒரு பழைய ஜீப்பிலிருந்து வருகிறது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலை 7000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ளது. ஆயினும் அங்கே வண்டியில் செல்ல விரும்புவோர் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். பாதை முழுவதும் கல்லும் பள்ளமும். ஜீப்பைத் தவிர வேறு வண்டி அங்கே எடுபடாது. சூரிய உதயம் காண வருவோரை மாமா விடியுமுன் ஏற்றிச் செல்வார்.

ஜீப்பின் அடிப்பகுதி கல்லில் இடிக்கிறது என்று மாமா பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, ஒரு பட்டையும் கூட்டினார். வண்டி உயர்ந்தது. ஆனால் பழைய ஷாக்குகளையே மாட்டிவிட்டார். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியபோது ஷாக் தன் நீளத்தின் எல்லைக்கு இழுபட்டு, எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. உடனே கடையில் இருந்தவற்றுள் மிக நீளமானதும் மிகக் கடினமானதுமான ஷாக்கை வாங்கினார். "கடினமா இருந்தாத்தான் மாப்ளே தாங்கும்" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது.

மறுநாள் விடியலில் ஐந்து பயணிகளுடன் ஏறினோம். நான் முன்னிருக்கையில் இருந்தேன். பின்சக்கரம் ஒரு பாறையிலிருந்து இறங்கிய வேகத்தில் கீழே பெருத்த ஓசை கேட்டது. ஷாக்கைப் பிடித்திருந்த தாங்கியின் வெல்டிங் விட்டுவிட்டது. தடையற்ற பின்பகுதி இருமுறை துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தது. அது மலைச்சரிவின் பக்கம் நகர்ந்து மண்மேட்டில் சாய்ந்து நின்றது. மறுபக்கம் நகர்ந்திருந்தால் பள்ளத்தாக்கு. எவருக்கும் காயமில்லை. ஆனால் பத்து நாட்கள் வண்டி நின்றது. அந்தப் பத்து நாட்களும் வீட்டில் வருவாய் இல்லை.

ஷாக்கின் உண்மையான வேலை

மாமாவும் நானும் செய்த பிழை ஒன்றே. ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குகிறது என்று நினைத்தோம். எடையைத் தாங்குவது பட்டை; ஷாக் அன்று. சக்கரம் கல்லில் ஏறும்போது பட்டை வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. பிறகு திருப்பித் தருகிறது. அதனை அப்படியே விட்டால் வண்டி ஊஞ்சலாடும். அவ்வாற்றலை வாங்கி வெப்பமாக மாற்றி வெளியேற்றுவதே ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயினூடே நகர்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகளும் வால்வுகளும் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. எவ்வளவு விரைவாக நகர்கிறதோ அவ்வளவு அதிகமாகத் தடை எழும். நகராமல் நின்றால் தடையே இல்லை.

கல்லூரி திறந்ததும் ஆய்வகத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு தகட்டைப் பொருத்தினேன். காற்றில் அது 60 முறைக்கு மேல் அலைந்தது. தகடு நீரில் மூழ்கியபோது 9 அலைவுகளில் நின்றது. விளக்கெண்ணெயில் ஓர் அலைவுகூட முழுமை பெறவில்லை. மெல்ல ஊர்ந்து தன் இடத்தை அடைந்தது. வில்லும் எடையும் மாறவில்லை. மாறியது தடை மட்டுமே.

இனி, ஷாக்கைத் தேர்ந்தெடுக்க மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் வினா: நீளம்

அந்தப் பத்து நாட்களில் மாமாவும் நானும் ஷாக்குகளைக் கழற்றி, ஜாக்கி வைத்து அச்சை மேலும் கீழும் நகர்த்தி அளந்தோம். அச்சு முட்டு ரப்பரைத் தொட்டபோது மேல் தாங்கிக்கும் கீழ்த் தாங்கிக்கும் இடையே 36 செ.மீ.; சக்கரம் முழுவதும் தொங்கியபோது 55 செ.மீ.

பழைய ஷாக் முழுதும் விரிந்தால் 49 செ.மீ. மட்டுமே. ஆகவே தொங்கும் அச்சின் எடை முழுவதும் அதன் மீது விழுந்தது. புதிய ஷாக்கோ முழுதும் சுருங்கினாலும் 39 செ.மீ. அச்சு முட்டு ரப்பரைத் தொடுவதற்கு 3 செ.மீ. முன்பே ஷாக் தன் எல்லையை அடைந்து, ரப்பர் வாங்க வேண்டிய அடியைத் தான் வாங்கியது. வெல்டிங் விட்ட காரணம் இதுவே. ஒன்று குட்டையால் கெட்டது. மற்றொன்று நெட்டையால் கெட்டது.

சுருங்கிய நீளம் 36-க்குக் குறைவாகவும், விரிந்த நீளம் 55-க்கு அதிகமாகவும், இருபுறமும் 2 செ.மீ. இடைவெளியுடன் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அஃதாவது சுருங்கினால் 34, விரிந்தால் 57. இவ்வளவையும் ஒரு டேப்பும் ஒரு ஜாக்கியும் சொல்லிவிட்டன.

ஷாக் சாய்வாக இருந்தால் மற்றொரு கணக்கும் உண்டு. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் அதன் பயன் ஏறத்தாழ முக்கால் பங்காகும். 45 பாகையில் பாதியாகும். விரைவும் குறைகிறது, விசையின் செங்குத்துக் கூறும் குறைகிறது. ஆகவே கொசைனின் வர்க்கம் வருகிறது.

இரண்டாம் வினா: தடையின் அளவு

அலைவே இல்லாமல் மிக விரைவில் நிலைக்குத் திரும்பச் செய்யும் தடையை மாறுநிலைத் தடை என்கிறோம். சாதாரணக் கார்களில் இதில் 0.2 முதல் 0.4 பங்கு வரையே வைக்கிறார்கள். முழுத்தடை வைத்தால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேரே வண்டியின் உடலுக்கு வந்து சேரும். சக்கரம் தரையைத் தொடர்ந்து செல்லாது. தரையை விட்ட சக்கரத்திற்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

விரியும் திசையில் தடை அதிகமாகவும், சுருங்கும் திசையில் குறைவாகவும் வைப்பது வழக்கம். ஆனால் விரியும் தடையும் மிகலாகாது. கற்கள் அடுத்தடுத்து வரும் பாதையில், பட்டை திரும்ப நிமிர்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் முட்டு ரப்பரின் மேலேயே ஓடும். கடினமான ஷாக் வண்டியை உயர்த்துவதற்கு மாறாகத் தாழ்த்திவிடும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஒரு பட்டை கூட்டியதற்குத் தடையைக் கூட்ட வேண்டாமா? வேண்டும், ஆனால் சிறிதளவே. மாறுநிலைத் தடை வில்லின் விறைப்புக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அதன் வர்க்கமூலத்திற்கே ஏறுகிறது. விறைப்பு 4 மடங்கானால் தடை 2 மடங்கு போதும். விறைப்பு 20 விழுக்காடு கூடினால் தடை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடினால் போதும். மேலும் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தாமே ஓரளவு தடை தருகின்றன. ஆகவே பட்டை வண்டிக்கு மிகக் கடினமான ஷாக் தேவையில்லை.

மூன்றாம் வினா: வெப்பம்

1500 கிலோகிராம் எடை 10 செ.மீ. இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 1470 ஜூல். இரண்டு நொடிக்கு ஒருமுறை இது நிகழ்ந்தால் 735 வாட். நான்கு ஷாக்குகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 184 வாட். பட்டையின் உராய்வும் டயரும் ஒரு பகுதியை ஏற்றாலும், எஞ்சியது எண்ணெயைச் சூடாக்கும். சூடேறிய எண்ணெயின் பாகுநிலை குறையும். அதில் காற்றும் கலந்து நுரைத்தால் தடை தளர்ந்துவிடும்.

இதற்காகவே பலவகை ஷாக்குகள் உள்ளன. இரட்டைக் குழாய் வகையில் வெளிக்குழாய் எண்ணெய்க் கிடங்காக இருக்கும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை அடைத்தால் நுரை குறையும். ஒற்றைக் குழாய் வகையில் நைட்ரஜன் உயர் அழுத்தத்தில், ஒரு மிதக்கும் பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். வெப்பம் நேரே குழாய்ச் சுவர் வழியாக வெளியேறும். 1950-களில் இதனை வழக்கத்திற்குக் கொண்டுவந்ததில் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்பனின் பங்கு பெரிது. தனிக் கிடங்கு இணைத்த வகையில் எண்ணெயின் அளவு இன்னும் அதிகம். மெக்சிகோவில் 1967-இல் தொடங்கிய பாஹா 1000 போன்ற பாலைவனப் பந்தயங்களில் வண்டிகள் நூற்றுக்கணக்கான மைல்கள் கரடான தரையில் விரைகின்றன. அங்கே வெப்பமே முதற்பகை. விலை மிகுந்த ஷாக் அங்கே தேவை.

இதைப் படித்த நான் ஒற்றைக் குழாய் வகையையே வாங்க வேண்டும் என்று வாதிட்டேன். மாமா ஜீப்பின் அடியில் படுத்து, பழைய ஷாக்கின் உடலில் கல்பட்டு ஒடுங்கிய இடங்களைக் காட்டினார். "இந்த அடி அந்தக் குழாய்ல பட்டா என்ன மாப்ளே ஆகும்?" என்று கேட்டார். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே உராய்ந்து செல்வதால், ஒடுங்கினால் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் ஓரளவு ஒடுங்கினாலும் உள்குழாய் தப்பும். மாமாவின் ஜீப்போ மனிதர் நடக்கும் வேகத்தில் போவது. எனவே நைட்ரஜன் அடைத்த, பருத்த இரட்டைக் குழாய் வகையே போதும் என்று தீர்மானித்தோம். இவ்விடத்தில் என் கணக்கைத் திருத்தியது மாமாவின் அனுபவம்.

முடிவுரை

அளவுக்கேற்ற, நடுத்தரத் தடையுள்ள நான்கு ஷாக்குகளை வாங்கினோம். முன்பு வாங்கியவற்றைவிட விலை குறைவு. தாங்கியை உறுதியாகப் பற்றவைத்து, ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். ஜீப்பின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பார்த்தோம். எழுந்தது, நிலையைச் சிறிது கடந்தது, திரும்பி நின்றது. பாடநூலில் கண்ட வரைபடம் கண்முன்னே நடந்தது போலிருந்தது.

பயணிகள் இல்லாமல் முதலில் நாங்கள் இருவர் மட்டுமே ஏறினோம். அதே பாறை வந்தது. பின்சக்கரம் இறங்கிற்று, ஓசை இல்லை. மாமா வண்டியை நிறுத்தி, இறங்கி, நான்கு ஷாக்குகளையும் தொட்டுப் பார்த்தார். "சுடுது மாப்ளே" என்றார். "அப்படியென்றால் வேலை செய்கிறது மாமா" என்றேன்.

நண்பர்களே, கடையில் "எது உறுதியானது?" என்று கேட்கிறோம். "என் வண்டிக்கு எது பொருந்தும்?" என்று கேட்பதே சரியான வினா. அதற்கு விடை காண முதலில் அளக்க வேண்டும்; பிறகு கணக்கிட வேண்டும்; அதன்பின் அப்பாதையில் நாள்தோறும் ஓட்டுபவரைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் என்ன நேரும் என்பதை அந்த மண்மேட்டில் சாய்ந்து நின்றபோது நான் கற்றுக்கொண்டேன்.