விடுமுறை இல்லாத திருவிழா

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளை வகுப்பு வாசலிலேயே நிறுத்தி, "தீபாவளிக்கு விட்ட லீவு பத்தலையா உனக்கு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி "வயித்து வலி மிஸ்" என்றாள். வருகைப் பதிவேட்டில் இரண்டு நாளும் ஏற்கெனவே விழுந்திருந்த 'வ.இ.' அப்படியே இருந்தது. நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அன்று மதியம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில், அச்சில் அழுத்திய கோலத்தோடு, கெட்டியான பலகாரம். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து பொரித்தது. அந்த மாணவியின் தம்பி, "எங்க சாமிக்குப் படைச்சது" என்று கொடுத்திருக்கிறான். அதன் பெயர் தேக்குவா. பீகாரில் சத் பூசைக்குச் செய்வது. அப்போதுதான் எனக்கு வயிற்று வலியின் காரணம் புரிந்தது.

வளவனூரிலும் சுற்றுப்பக்கத்திலும் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. திருபுவனைப் பக்கத்துத் தொழிற்சாலைகள், செங்கல் சூளைகள், கட்டட வேலைகள், ஓட்டல்கள் என்று வடமாநிலக் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். எழுத்து கூட்டிப் படிக்க வைக்கிறோம், சத்துணவு போடுகிறோம். அவர்கள் வீட்டில் என்றைக்குத் திருவிழா என்று கேட்பதில்லை. நான் கேட்டதில்லை.

மறு ஆண்டு அதே மாணவி எட்டாம் வகுப்பில். சமூக அறிவியலில் இடம்பெயர்தல் பாடம் வந்தது. எது மனிதர்களை ஊரைவிட்டுத் தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இந்த முறை நான் திருவிழாவிலிருந்து தொடங்கினேன். வீட்டுப்பாடம் ஒரே கேள்விதான்: "வெளிநாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் போன பொங்கலை எந்த நாளில், எந்த இடத்தில், என்ன வைத்துக் கொண்டாடினார்? போனில் கேட்டு எழுதி வா." உறவினர் வெளிநாட்டில் இல்லாதவர்கள் சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று எங்கிருந்தாலும் சரி.

மறுநாள் வந்த விடைகளில் ஒன்றை மறக்க முடியாது. ஒரு மாணவனின் அப்பா குவைத்தில் ஓட்டுநர். "அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு மிஸ். அதனால பொங்கல் வெள்ளிக்கிழமை வந்துச்சாம். ரூம்ல கரண்ட் அடுப்புல குக்கர்ல வச்சாங்களாம். குக்கர் விசில் அடிச்சதும் எல்லாரும் பொங்கலோ பொங்கல்னு கத்தினாங்களாம்." வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும், பொங்கல் தேதியை மாற்றியது யார் என்று கேட்டேன். "முதலாளி" என்றான் ஒருவன். "லீவு" என்றாள் இன்னொருத்தி. பாடம் அங்கே பிடித்துக்கொண்டது.

அதன்பின் தீமிதிக்கு வந்தோம். நம் மாவட்டப் பிள்ளைகளுக்குத் தீமிதியை விளக்க வேண்டியதில்லை. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதி இடமாகக் கருதுகிறார்கள். பாரதம் படிப்பது, தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், கடைசியில் தீமிதி என்ற வரிசை அவர்களுக்கு அத்துப்படி. இந்தத் தீமிதி கடல் தாண்டிப் போன கதையைத்தான் உலக வரைபடத்தில் காட்டினேன்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை அமைத்தது. ஆரம்பத்தில் அங்கே வழிபட்டவர்களில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் இருந்தார்கள். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடுதான் என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே 1840 முதல் தீமிதி நடப்பதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. நம் ஊர்களில் பங்குனி முதல் ஆடிவரை நடப்பது அங்கே ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்துவந்து, சைனாடவுன் நடுவில் பூக்குழி இறங்குகிறார்கள்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இன்று பெரும்பாலும் தமிழ் பேசுவதில்லை. தீ மிதிக்கிறார்கள். மொழி போனபின்னும் எது தங்கியது என்ற கேள்வியை நான் வகுப்பில் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டேன். தமிழாசிரியர்களுக்கு அதில் தனிப் பாடமே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காதான் பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைத்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். டர்பனை அடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் பெருந்திருவிழா எந்த நாளில் தெரியுமா? புனித வெள்ளி அன்று. ஏன் என்று கேட்டேன். குவைத் பையன்தான் முதலில் கையைத் தூக்கினான்: "அன்னைக்குத்தான் தோட்டத்துல லீவு விட்டிருப்பாங்க மிஸ்." பொதுவாகச் சொல்லப்படும் காரணமும் அதுதான்.

விடுமுறைப் பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. சீனப் புத்தாண்டுக்கும் உண்டு. சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு இருந்த விடுமுறை 1968இல் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு சமயத்தாரும் சில விடுமுறைகளை விட்டுக்கொடுத்தார்கள். இன்றும் அங்கே காவடி எடுப்பவர்கள் சொந்த விடுப்பில்தான் எடுக்கிறார்கள். மேல்மலையனூர் தேருக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவதை ஒப்பிட்டோம்.

அப்போதுதான் அந்த மாணவி கையைத் தூக்கினாள். நான் கூப்பிடவில்லை, கூப்பிடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு மிஸ். அதுக்கு லீவு கிடையாது" என்றாள்.

தீபாவளி அமாவாசைக்கு ஆறாம் நாள் சத் பூசை. நான்கு நாள் நோன்பு. முப்பத்தாறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அம்மா தண்ணீரில் நின்று, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் படைப்பார். மூங்கில் முறத்தில் கரும்பு, வாழைப்பழம், தேங்காய், தேக்குவா. "முறமா? நம்ம முறமா?" என்று ஒருத்தி கேட்டாள். கரும்பு, சூரியன், முறம் என்று கரும்பலகையில் பொங்கலுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். அங்கே கங்கைக் கரை, இங்கே? முதல் வருடம் ஏரிக்கரைக்குப் போக அம்மாவுக்குக் கூச்சம். யாராவது என்ன, ஏது என்று கேட்பார்கள், பதில் சொல்லத் தமிழ் வராது. வாடகை வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் நின்றாராம். குக்கர் பொங்கலுக்குச் சிரித்த வகுப்பு இதற்குச் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்தபின் அவளைத் தனியாகக் கேட்டேன், போன வருடம் ஏன் வயிற்று வலி என்று சொன்னாய் என்று. "சாமி கும்பிடன்னு சொன்னா திட்டுவீங்களோன்னு நினைச்சேன் மிஸ்." திட்டியிருப்பேன்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தப் பாடத்தைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஓரிரு அனுபவம். வெளியூர்க் குழந்தையை எழுப்பி "உங்க ஊர் பண்டிகையைச் சொல்லு" என்று கேட்காதீர்கள்; அது கண்காட்சியாகிவிடும். மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லட்டும், அந்தக் குழந்தைக்குத் தோன்றினால் தானே வரும். வராவிட்டாலும் பாடம் குறையாது. இன்னொன்று, நம் ஊர்த் திருவிழாவும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி சொந்தமானதல்ல. தீமிதியைச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 'நீ கோயிலில் என்ன செய்தாய்' என்று கேட்பதைவிட 'அன்றைக்கு உன் வீட்டில் என்ன நடந்தது' என்று கேட்பது நல்லது. இசுலாமிய, கிறித்தவ மாணவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். வரைபடத்தில் அவர்களுக்கும் இடம் வையுங்கள்: சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830இல் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதும் பயிற்சியைத் தமிழாசிரியர் வழக்கமாகக் காய்ச்சலை வைத்துத்தான் நடத்துவார். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே அவள் ஒரு தாளை நீட்டினாள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாக இருந்தன. 'பொருள்: சத் பூசைக்காக இரண்டு நாள் விடுபு வேண்டுதல்.' ஒற்று ஒன்றைப் போட்டு, தலைமையாசிரியர் மேசைக்கு அனுப்பினேன்.