பீலித் தண்ணிக்கு ஐரிஸ்

ரொறன்ரோவில் வீடு வாங்கி, வளவின் ஒரு மூலையில் தண்ணி நிற்குது என்று வருஷா வருஷம் புல் மாற்றுகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அந்த மூலையை ஐரிஸுக்கு விடுங்கோ.

1. வாங்க முதல் எந்த ஐரிஸ் என்று கேளுங்கோ. நர்சரியில் கண்ணைப் பறிக்கிறது தாடி ஐரிஸ். கீழ் இதழில் மயிர்வரி இருக்கும். அதன் கிழங்கு வெயிலில் காயவேண்டும், ஈரத்தில் அழுகி நாறிவிடும். எங்களுக்கு வேண்டியவை வேர்சிகலர், சைபீரியன், ஜப்பானியன். பூ இல்லாத காலத்தில் இலையைத் தடவிப் பாருங்கோ. ஜப்பானியனின் இலை நடுவே ஒரு நரம்பு புடைத்து விரலில் இடறும். சைபீரியன் இலை ஒடுக்கமானது.

2. மஞ்சள் ஐரிஸைச் சும்மா தந்தாலும் வாங்காதேங்கோ. ஐரோப்பாவிலிருந்து வந்த செடி. விதை மிதந்து போய் ஆற்றங்கரை, ஏரிக்கரை எங்கும் முளைத்து, இந்த மண்ணின் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது.

3. முதல் செடியாக வேர்சிகலரை வையுங்கோ. இந்த நாட்டுச் சதுப்பில் தானாக வளர்கிறது. சில அங்குலத் தண்ணிக்குள்ளும் நிற்கும். கியூபெக் மாகாணம் பழைய வெள்ளை லில்லியை விட்டு 1999இல் இதைத் தன் பூவாக்கியது. நல்ல முடிவு.

4. சைபீரியனுக்கு ஈரம் போதும், தேக்கம் வேண்டாம். மொன்றியலில் கிளீவ்லண்ட் மோர்கன் உருவாக்கிய 'சீசர்ஸ் பிரதர்' 1930களில் வந்தது, இன்றைக்கும் விற்கிறார்கள். ஒட்டாவா பரிசோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் தான் உருவாக்கிய சைபீரியன்களுக்குக் கனடிய ஆறுகளின் பெயர்களை வைத்தார். இந்தக் குளிரிலேயே பிறந்தவை, பயப்படாமல் நடலாம்.

5. ஜப்பானியன்தான் சோதிக்கும். வசந்தத்தில் தொடங்கிப் பூக்கும்வரை தண்ணி குடித்துக்கொண்டே இருக்கும், பசளையும் நிறையக் கேட்கும். ஆனால் குளிர்காலம் முழுக்க வேர் தண்ணிக்குள் கிடந்தால் செத்துப்போகும். மண் சற்றுப் புளிப்பாக, பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் எந்தச் செடியைக் கண்டாலும் சாம்பலும் முட்டைக்கோதும் போடுவார்கள். கத்தரிக்குப் போடுங்கோ, இதற்கு வேண்டாம், எலும்புத்தூளும் வேண்டாம். அசேலியாவுக்கு விற்கிற பசளை சரிவரும்.

6. இந்த நகரத்தில் பீலிக்குழாயைச் சாக்கடையோடு இணைக்க விடமாட்டார்கள். கூரைத்தண்ணி எப்படியும் வளவுக்குத்தான் வரும். குழாயை நீட்டி, வீட்டுச் சுவரிலிருந்து 3 மீற்றராவது தள்ளி, 45 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டுங்கோ. அடியில் பிளாஸ்ரிக் விரித்து, அங்கங்கே கத்தியால் குத்துங்கோ. குத்தாவிட்டால் அது தொட்டி; நுளம்புதான் வளரும். மக்கிய உரம் கலந்து மண்ணை நிரப்பி, நடுவில் வேர்சிகலர், சரிவில் சைபீரியன், மேல் விளிம்பில் ஜப்பானியன் என்று வையுங்கோ. ஆறு மணி நேர வெயிலாவது படவேண்டும். கார் நிற்கிற பக்கம் வேண்டாம், பனிக்கு எறிகிற உப்பு வந்து சேரும்.

7. கொண்டுவந்த வேரை வாளித் தண்ணியிலேயே வைத்திருங்கோ. ஒரு பின்னேரம் காய்ந்தாலே சுணங்கும். மேலே 5 சென்ரிமீற்றர் மண் மூடவேண்டும். செப்டம்பர் நடுப்பகுதிக்குள் நட்டுவிடுங்கோ. பிந்தினால் உறைந்து உருகுகிற மண் செடியை மேலே கிளப்பிவிடும்.

8. ஜப்பானியனுக்குப் புதுவேர் பழைய வேருக்கு மேலேதான் வரும், கூட்டம் மெல்ல மண்ணைவிட்டு ஏறும். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருக்கால் கிண்டிப் பிரித்து, புது இடத்தில் ஆழமாக வையுங்கோ. சைபீரியனை அதன்பாட்டில் விடலாம்.

9. மே மாதம் இலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கோ. ஊசித்துளையும், அதிலிருந்து கீழே இறங்கும் நனைந்த கோடும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. கிழங்குக்குப் போகமுதல் கோட்டின் அடியில் இரு விரலால் இறுக்கி நசுக்கினால் முடிந்தது கதை. முட்டை காய்ந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். உறைபனி விழுந்தபின் இலைகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கோ, உரக்குவியலில் போடாதேங்கோ.

10. கையுறை போடுங்கோ, சாறு சிலருக்குக் கடிக்கும். கிழங்கு பார்வைக்கு இஞ்சி மாதிரி, ஆனால் நஞ்சு. சின்னப்பிள்ளையோ நாயோ இருக்கிற வீட்டில், பிரித்த துண்டுகளைப் படியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போகாதேங்கோ.