வீடு விற்பனையில் தரகரின் உதவி

விவசாயக் குடும்பத்தார் வீட்டை விற்பது ஆயுளில் ஓரிரு முறையே. அதுவும் பெரும்பாலும் கடன் தீர்ப்பதற்கோ, கல்யாணச் செலவிற்கோ, பாகப் பிரிவினையின் பொருட்டோ அவசரமாக நேரிடுவதாகும். அவ்வவசரத்தை அறிந்தவர்கள் குறைந்த கிரயத்திற்குக் கேட்பது இயல்பு. இத்தருணத்தில் நேர்மையான தரகர் எவ்வாறு உதவக்கூடும் என்பதை ஈண்டு விவரிப்போம்.

அனுகூலங்கள்

1. அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களைத் தரகர் அறிவார். அரசாங்க வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு உரிய அளவுகோலேயன்றிச் சந்தை விலை அன்று.

2. ஊராருக்குள் வாங்குவோர் இருவர் மூவரே இருப்பர். தரகரோ வெளியூராரையும் அழைத்து வருவார்.

3. உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் நேரில் பேரம் பேசினால் மனத்தாங்கல் உண்டாகும். நடுவில் ஒருவர் நின்றால் அது தவிரும்.

4. தாய்ப் பத்திரம், நத்தம் பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றிலுள்ள குறைகளை அனுபவமுள்ள தரகர் முன்னரே எடுத்துரைப்பார்.

உதாரணமாக, ஊரில் ரூ. 8,00,000க்குக் கேட்கப்பட்ட வீட்டைத் தரகர் ரூ. 9,00,000க்கு விற்றுக் கொடுத்தார் எனக் கொள்வோம். நூற்றுக்கு 2 வீதம் தரகு ரூ. 18,000 போக, உடையவருக்கு மிகுவது ரூ. 82,000. ஆயின், ஊரில் கேட்டவரையே அதே விலைக்குக் கொண்டுவரும் தரகரால் நஷ்டமே உண்டாம்.

கவனிக்க வேண்டியவை

தரகர் உடையவரின் முகவர் ஆதலால் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர். உடையவருக்குத் தெரிவிக்காமல் தாமே அவ்வீட்டை வாங்கி ஆதாயம் அடைதல் கூடாது. கேட்டபோது கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். வேறு உடன்பாடு இல்லாவிடில், ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகே தரகு கோரலாம். ஆகையால் தரகின் வீதத்தையும், அது கொடுக்கப்படும் காலத்தையும் முதலிலேயே எழுதிக் கொள்வது உசிதம்.

2016 ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், பதிவு பெற்ற மனைத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகரும் பதிவு பெற வேண்டுமென விதிக்கிறது. கிராமத்துப் பழைய வீட்டிற்கு அப்பாதுகாப்பு எட்டாது. எனவே, முன்பு அவர் மூலம் விற்றவர்களை விசாரித்தறிக.

மூலப் பத்திரங்களைத் தரகரிடம் ஒப்படைக்கலாகாது, நகல்களே போதும். வெற்றுத்தாளில் கையொப்பம் இடலாகாது. விற்பனைக்கான அதிகாரப் பத்திரத்தைத் தரகர் பெயரில் எழுதிக் கொடுத்தலும் தகாது. முன்பணம் உடையவரின் வங்கிக் கணக்கிலேயே சேரவேண்டும். 1882 ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி, ரூ. 100க்குக் குறையாத அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலேயே செல்லும்.

கிராம அதிகாரிகள், சான்று வேண்டி வருவோருக்கு இவ்விஷயங்களை எடுத்துச் சொல்வாராயின், பல குடும்பங்கள் ஏமாற்றத்தினின்றும் தப்பும். தரகரை அமர்த்துவது தவறன்று. விலையையும் பத்திரத்தையும் அவர் கையிலேயே விட்டுவிடுவதுதான் தவறு.