வெள்ளைத் தாளே வெளிச்சம்: நீர்வண்ணம் பழகுவோருக்கு

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நம்ம சொந்த ஊரை வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவே சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. பெங்களூரில் பிறந்த பிள்ளைதான் இப்படி என்பதில்லை. தமிழ்நாட்டிலேயே வளரும் பிள்ளையும் இதையேதான் வரையும். மன்னார்குடிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மலையே கிடையாது. ஆனாலும் தாளில் மலை வந்துவிடுகிறது. பிள்ளை ஊரைப் பார்த்து வரையவில்லை, முன்பு பார்த்த படத்தைப் பார்த்து வரைகிறது. மே மாத விடுமுறைக்குப் பத்து நாள் மட்டும் ஊருக்குப் போய் வருகிற நம்மைப் போன்ற குடும்பங்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட மருந்து நீர்வண்ணம், அதாவது வாட்டர் கலர். எண்ணெய் வண்ணத்துக்குச் சட்டம், டர்பன்டைன், காய்வதற்குப் பல நாள் என்று ஏற்பாடுகள் அதிகம். நீர்வண்ணத்துக்கு ஒரு பெட்டி, இரண்டு தூரிகை, ஒரு புட்டி தண்ணீர் போதும். ஒரு மணி நேரத்தில் படம் முடிந்துவிடும். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே பழகலாம் என்பதால் இருவருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் அல்லன். பொறியியல் டிப்ளமோ பெற்று ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் தொழிலுக்கும் இந்த வண்ணத்துக்கும் பழைய உறவு உண்டு. பழங்காலப் பொறியியல் வரைபடங்களில் செங்கல் சுவருக்குக் கிரிம்ஸன் லேக், மரத்துக்குப் பர்ன்ட் சியன்னா, தேனிரும்புக்குப் பிரஷ்யன் நீலம் என்று மெல்லிய வண்ணப் பூச்சு கொடுப்பார்கள். கோட்டைத் தாண்டாமல், திட்டு விழாமல், கீழே உள்ள மைக்கோடும் தெரியும்படி பூச வேண்டும். அந்தப் பூச்சுதான் நாம் முதலில் பழக வேண்டியதும்.

நீர்வண்ணத்தின் அடிப்படை ஒன்றே ஒன்று. இந்த வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. வெளிச்சம் வண்ணத்தின் வழியே போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே படத்தில் வெள்ளை என்பது பெட்டியிலிருந்து எடுத்துப் பூசுவதன்று, பூசாமல் விட்டுவைப்பது. எண்ணெய் வண்ணக்காரர் கடைசியில் ஒரு பொட்டு வெள்ளை வைத்து முடிக்கலாம். நாமோ முதல் தூரிகை வைப்பதற்கு முன்பே வெள்ளை எங்கே என்று தீர்மானித்துவிட வேண்டும். வெளிச்சமான நிறத்திலிருந்து இருட்டான நிறத்துக்குப் போகலாம், திரும்பி வர முடியாது. பெட்டியில் இருக்கும் வெள்ளை வில்லையைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

செலவு செய்வதானால் தாளில் செய்யுங்கள். பள்ளி டிராயிங் நோட்டுத் தாள் ஈரம் பட்டதும் அப்பளம் போல் நெளியும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். 300 ஜி.எஸ்.எம். தாள் நெளிவது குறைவு. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பெரிய தாளை எட்டாக வெட்டிக்கொள்ளலாம், இரு புறமும் வரையலாம். வாங்குமுன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு சற்று நேரம் நிற்க வேண்டும். உடனே உறிஞ்சினால் தாளில் பசை போதவில்லை, மை ஒற்றும் தாள்தான் அது. தூரிகையில் உருண்டை வகையில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று போதும். பெரியது நனைந்ததும் நுனி கூராக வர வேண்டும்.

வண்ணம் ஆறு போதும்: எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பிரஷ்யன் நீலம். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் சாம்பல் வரும். நீலம் ஓங்கினால் மழை மேகம், சியன்னா ஓங்கினால் பழைய மதில் சுவர், இரண்டும் கெட்டியாகச் சேர்ந்தால் ஏறக்குறையக் கறுப்பு. கடைப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடி போல் இருக்கும். நாற்றங்காலுக்கு எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம். தென்னை ஓலைக்கு அதோடு கொஞ்சம் சியன்னாவும் சேர வேண்டும்.

இனிப் பயிற்சி. தாளைப் பலகையில் ஒட்டி, பலகையின் மேல் முனையை உயர்த்தி வையுங்கள். ரயில்வேயில் நூற்றுக்கு ஒன்று என்றாலே ஏற்றம் என்போம். படப் பலகைக்கு நாலுக்கு ஒன்று வேண்டும். நிறையக் கரைத்த வண்ணத்தைத் தூரிகை நிரம்ப எடுத்து மேலே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கோட்டின் அடியில் வண்ண நீர் மணிபோல் கோத்து நிற்கும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இப்படியே கீழே வந்து, கடைசி மணியைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இதுவே சமப் பூச்சு. ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே வந்தால் மேலே அடர்ந்து கீழே வெளிறும். அதுதான் வானம். பத்து வானம் பூசிய பிறகு மற்றதைப் பற்றி யோசியுங்கள். காய்ந்ததும் நிறம் வெளிறும், ஆகவே ஈரத்தில் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும்.

பொறுமை வேண்டிய இடம் ஒன்று உண்டு. பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது, "இங்கே மட்டும் கொஞ்சம்" என்று நீர் நிறைந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போல விளிம்பு கட்டிவிடும். தாளில் பளபளப்பு இருக்கும்வரை தொடலாம். பளபளப்புப் போய்விட்டால் முழுக்கக் காயும்வரை கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை மெல்ல வையுங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பெங்களூரில் ஜூலைச் சாரலில் அரைமணி நேரம் ஆகும் பூச்சு, ஊரில் மே மாத வெயிலில் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். அங்கே நிழலில் உட்கார்ந்து வேகமாகப் பூச வேண்டும், இங்கே காப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஈரத் தாளில் ஈர வண்ணம் வைத்தால் விளிம்பில்லாமல் பரவும். மூடுபனி, மேகம், தூரத்து மரம் எல்லாம் இந்த முறைதான். இதைக் கற்க நம் ஊரிலேயே நல்ல ஆசான் இருந்திருக்கிறார். கஸ்தூர்பா சாலையில் அரசு அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள வெங்கடப்பா ஓவியக் கூடத்தைப் பலர் பஸ்ஸிலிருந்தே பார்த்துக் கடந்திருப்பீர்கள். அந்த கே. வெங்கடப்பா (1886-1965) மைசூர் அரண்மனை ஓவியர் மரபில் வந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். சகோதரி நிவேதிதையும் நம் ஈழத்து ஆனந்த குமாரசுவாமியும் எழுதி 1913ல் வெளிவந்த புராணக் கதை நூலில் இவர் ஓவியங்களும் உண்டு. வீணையும் கற்றவர். அந்தக் கன்னட ஓவியர் நீர்வண்ணத்தில் தீட்டிய மலைகளோ நம் உதகமண்டலமும் கோடைக்கானலும்! கூடம் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளோடு போய், ஒரே ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். மலை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளையை விரல் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தூரம் போகப் போக நிறம் வெளிறி நீலம் ஓங்குவதை அங்கே கண்ணாலேயே படித்துவிடலாம்.

அடுத்தது படத்தை அமைப்பது. கண்முன் இருப்பதெல்லாம் தாளில் வர வேண்டியதில்லை. ஓர் அட்டையில் தாளின் அளவு விகிதத்திலேயே சிறிய ஜன்னல் வெட்டி, அதன் வழியே பாருங்கள். முன்னே பின்னே நகர்த்தினால் எதை விடலாம் என்று தெரிந்துவிடும். பிறகு தீப்பெட்டி அளவில் பென்சிலால் மூன்றே மூன்று நிழல்களில் ஒரு சின்னப் படம் போடுங்கள்: வெள்ளை, நடுத்தரம், கறுப்பு. எங்கே மிக வெள்ளையும் மிகக் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றனவோ, அங்கேதான் கண் முதலில் போகும். ஆகவே அது நீங்கள் சொல்ல வந்த இடமாக இருக்க வேண்டும். அது தாளின் நட்டநடுவிலும் வேண்டாம், ஓரத்திலும் வேண்டாம். தொடுவானக் கோடும் தாளைச் சரிபாதியாக வெட்டக் கூடாது. வானம் முக்கியமானால் கோட்டை இறக்குங்கள், நிலம் முக்கியமானால் ஏற்றுங்கள்.

தூரத்தைக் காட்டும் கணக்குக்கு ரயில் நிலையத்தைவிடச் சிறந்த வகுப்பறை கிடையாது. அகல ரயில்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர், அது எங்கும் மாறாது. ஆனால் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று பாருங்கள் (பாதையில் இறங்க வேண்டாம்): தூரம் இரு மடங்கானால் இடைவெளி பாதியாகத் தெரியும், கடைசியில் ஒரு புள்ளியில் சேரும். சமதளத்தில் நேராகப் போகும் பாதையானால் அந்தப் புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதர்களையும் கவனியுங்கள். உங்கள் உயரம் உள்ளவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் அவர் கண் அந்தக் கோட்டிலேயே இருக்கும், கால் மட்டும் மேலே ஏறும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் கடைத்தெருவை வரைய முடியும். திண்ணையில் உட்கார்ந்து வரைந்தால் கண்மட்டம் இறங்கிவிடும், எதிரே வருகிறவர் ஓங்கித் தெரிவார்.

செய்து பார்க்க அல்சூர் ஏரிக்கரை நல்ல இடம், காலை ஏழு மணிக்குள். கரைக்கோட்டைத் தாளின் மேல் மூன்றில் ஒரு பங்கில் பென்சிலால் லேசாகப் போடுங்கள். வானம், நீர் இரண்டையும் வெறும் தண்ணீரால் நனைத்து, வெயில் மின்னும் ஒரு கீற்றை மட்டும் நனைக்காமல் விடுங்கள். கரையருகே மெல்லிய ஓக்கர், மேலே போகப் போக நீலச் சாம்பல், நீரிலும் அதுவே தலைகீழாக. பளபளப்பு இருக்கும்போதே தூரத்து மரங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கிட்டத்து மரங்கள், கெட்டியாக. நிழல் உருவம் அந்தந்தப் பொருளுக்கு நேர் கீழே விழ வேண்டும். வெளிறிய பொருளின் உருவம் நீரில் சற்று இருண்டும், இருண்ட பொருளின் உருவம் சற்று வெளிறியும் இருக்கும். பிறகு நிறுத்திவிடுங்கள். இன்னும் பத்து நிமிடம் என்பதில்தான் நீர்வண்ணப் படங்கள் அழுக்காகின்றன.

இதனால் என்ன லாபம் என்பாருக்கு ஒன்று சொல்கிறேன். என் பேத்தி ஒரு விடுமுறையில் என் மனைவியின் ஊர் வீட்டுத் திண்ணையைத் தீட்டினாள். அடுத்த ஆண்டு அந்த வீடு கைமாறிவிட்டது. அண்மையில் ஒரு கல்யாணத்தில் பெரியவர்களிடையே விவாதம்: திண்ணைத் தூண் நாலா, ஐந்தா? அங்கேயே பிறந்து வளர்ந்த மைத்துனர்கள் இருவர் நாலு என்று சாதித்தார்கள். "அஞ்சு, தாத்தா. கடைசித் தூணிலே பச்சை பெயின்ட், கீழே உரிஞ்சிருக்கும்" என்றாள் பேத்தி. போட்டோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தூணை மறைத்துக்கொண்டு நாங்கள்தான் நிற்கிறோம்.

வயது ஆகிவிட்டதே என்று தயங்குவோருக்கு இந்நகரத்து ருமாலெ சென்னபசவய்யாவைச் (1910-1988) சொல்வேன். விடுதலைப் போராட்டம், பத்திரிகை, அரசியல் என்று வாழ்ந்தவர், ஐம்பது வயதுக்குமேல் 1960களில் மீண்டும் தூரிகையைப் பிடித்தார். எண்ணெயிலும் நீர்வண்ணத்திலும் பெங்களூரின் பூத்த மரங்களை மரத்தடிக்கே போய் வரைந்தார். நம் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்ததும் இதே வழிதான்.

முடித்த படத்தை எப்படி வைப்பது? நம்மவர்களுக்கு லேமினேஷன் மோகம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி எடுக்கவே முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அட்டை ஓரம் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படும் சுவரும் ஆகாது. ஓக்கர், சியன்னா போன்ற மண் வண்ணங்கள் நிலைத்து நிற்கும். அலிஸரின் கிரிம்ஸன் போன்ற சில சிவப்புகள் வெயிலில் வெளுத்துவிடும். படத்தின் பின்புறம் ஊர், தேதி, நேரம் எழுதி வையுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வரும்.