தொட்டி ஒழுகுதா? பூசுவதா, மாற்றுவதா?

மாடித் தொட்டி ஒழுக ஆரம்பித்தால் நமக்கு முதலில் வருவது கரண்ட் பில் கவலைதான். "மோட்டார் சும்மா ஓடிக்கிட்டே இருக்குதுங்க. கொத்தனாரைக் கூப்பிட்டு ரெண்டு சட்டி சிமெண்ட் அப்பச் சொல்லுங்க" என்பார் வீட்டுப் பெரியவர். அப்பியாகிவிடும். ஒழுகலும் நின்றுவிடும். குழந்தை குடிக்கிற தண்ணீரும் இதே தொட்டியில்தான் இருக்கிறது என்ற நினைப்பு அந்த அவசரத்தில் யாருக்கும் வருவதில்லை.

சேலம், நாமக்கல் சீமையில் தொட்டி இல்லாமல் குடித்தனம் நடத்த முடியாது. 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து சேலத்துக்குத் தண்ணீர் வருகிறது. நாமக்கல்லுக்கு மோகனூர்ப் பக்கத்துக் காவிரி. ஆனாலும் எல்லாத் தெருக் குழாயிலும் தினமும் வந்துவிடுவதில்லை. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பற்றாததற்குப் பாறையைத் துளைத்துப் போட்ட போர் தண்ணீர். ஆகவே தரைக்குக் கீழே ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு டேங்க் என்று பல வீடுகளில் இருக்கிறது.

இரண்டும் ஒழுகும். ஆனால் இரண்டு ஒழுகலும் ஒன்றல்ல. மாடித் தொட்டியில் விரிசல் விட்டால் தண்ணீர் வெளியே போகும், அவ்வளவுதான். சம்ப் அப்படியில்லை. நிரம்பி இருக்கும்போது அதே விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். காலியாகும்போது சுற்றியுள்ள ஈரமண்ணில் இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடையோ செப்டிக் டேங்க்கோ இருந்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வீட்டுக்குள் நுழைய இது ஒரு வழி.

சோதித்துப் பார்ப்பது சுலபம். இரவில் சம்ப்புக்கு வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தில் கரிக்கோடு போடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு. அடுத்து சம்ப்பைக் காலி செய்து, துடைத்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் சுவரில் ஈரத்திட்டு தெரிந்தால் வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்று பொருள். அதைச் சரிசெய்கிறவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

பூசினால் போதுமா?

சிமெண்ட் தொட்டி என்றால் பெரும்பாலும் போதும். ஆனால் விரிசல் மேல் அப்படியே அப்புவது வேலையே அல்ல. போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்து விரிசலை மறைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, உளியால் விரிசலை 'வி' மாதிரி வெட்டித் திறந்து, தூசி போகக் கழுவி, 1 பங்கு சிமெண்ட்டுக்கு 3 பங்கு மணல் என்ற கலவையை அழுத்தி அடைக்க வேண்டும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தடவை நிரப்பிய தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள். புதுச் சிமெண்ட் தண்ணீரில் காரம் அதிகம். கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா? அப்படியானால் பூச்சு நிற்காது. மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

உள்பக்கம் தார் பூசுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். நிலக்கரித் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உண்டு. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டும் ஆகாது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு உரியது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பூச்சை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் டேங்க் கதை வேறு. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. குழாய் நுழையும் இடத்தில் ஒழுகினால் வாஷரை மாற்றினால் தீர்ந்தது. அடிப்பாகம் கீறிவிட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டுவது சில மாதக் கதைதான். அடி கீறுவதற்குக் காரணம் பல சமயம் டேங்க் அல்ல, அதன் கீழே உள்ள மேடை. நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தால் நடுப்பகுதி தொங்கிக் கீறும். அடி முழுதும் படிகிற சமமான மேடை வேண்டும். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் பாரம். அது சுவர் அல்லது பீம் மேல் இறங்கவேண்டும். புதிது வாங்கும்போது ஐ.எஸ். 12701 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கெமிக்கல் டிரம் வாங்கி வைக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் உள்ளே இருந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது.

உள்ளே இறங்குகிறவர்

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயம். பல நாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். புதிதாகக் கட்டி, சென்ட்ரிங் பலகை உள்ளேயே இருக்கிற சம்ப் இன்னும் மோசம். ஈரப்பலகை மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கினவர் சத்தமில்லாமல் மயங்கி விழுவார். "ஐயோ, என்னாச்சு?" என்று அடுத்தவர் குதிப்பார். அவரும் விழுவார். ஒரே சம்ப்பில் இரண்டு, மூன்று உயிர் போவது இப்படித்தான். மெழுகுவர்த்தி எரிந்தால் பயமில்லை என்பார்கள். அதை நம்ப முடியாது, விஷவாயுவை அது காட்டாது.

மூடியை முதல் நாளே திறந்து வையுங்கள். அருகில் குழந்தைகள் வராதபடி தடுப்பு போடுங்கள். மேலேயிருந்து பெடஸ்டல் ஃபேனால் காற்றை உள்ளே செலுத்துங்கள். உள்ளே ஈரம், ஆகவே ஃபேனும் ஒயரும் மேலேயே இருக்கட்டும். டீசல் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது. இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். அவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள், 101-க்குப் போன் செய்யுங்கள். யாரும் பின்னால் இறங்க வேண்டாம். காற்றோட்டம் போதுமா என்று துளி சந்தேகம் இருந்தாலும், உரிய கருவிகளோடு வேலை செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

உப்புக்கறை போக ஆசிட் ஊற்றி, பிறகு அதே இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். கம்பி பிரஷ் போதும், ஆசிட்டே வேண்டாம்.

மருந்து எவ்வளவு?

பழுது பார்த்தபின் 1000 லிட்டருக்குச் சுமார் 200 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடிமண் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் மருந்து வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். ஒரு நாள் விட்டு முழுக்கக் காலி செய்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த ஒரு நாளும் குடிக்கவோ சமைக்கவோ அதைத் தொடாதீர்கள். "அப்படியே தினமும் இந்த அளவு போட்டுடலாமுங்களா?" என்று கேட்காதீர்கள். குடிக்கும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுதான்.

டெங்கு கொசு தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

மாற்றி எடுத்த பழைய டேங்க்கை மாடி மூலையில் தள்ளிவிடுவது நம் வழக்கம். ஒரு மழை பெய்தால் அதிலேயே கொசு வளரும். ஆசாரியிடமோ பிளம்பரிடமோ சொல்லி இரண்டாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, கறிவேப்பிலையும் புதினாவும் வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுங்கள்.