கொடி பிடிக்கப் போகும் தம்பிக்கு

தம்பி,

முதல் புரொஃபஷனல் ஆட்டத்துக்கு உன் பெயர் வந்துவிட்டது என்று உன் அப்பன் போனில் சொன்னான். விசில் கிடைக்கும் என்று காத்திருந்தாய், கொடிதான் கிடைத்தது என்றும் சொன்னான். அதற்காக முகம் சுளிக்காதே. நம் சென்னை மைதானங்களில் கொடி பிடித்துப் பழகிய கோமளீஸ்வரன் சங்கர் 2002இல் கொரியா–ஜப்பான் உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்றார். நம் ஆண்கள் அணி இன்னும் கால் வைக்காத இடம் அது. ஐசிஎஃப், இந்தியன் பேங்க் என்று அலுவலக அணிகள் ஆடிய காலத்திலிருந்து கோட்டோரம் ஓடி முட்டி தேய்ந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. சீக்கிரம் போய்ச் சேர். இரண்டு கோல் வலைகளையும் கையால் பிடித்து இழுத்துப் பார். கண்ணால் பார்த்தால் போதாது. 2013இல் ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில், லெவர்குசன் வீரர் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போய், பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தது. கோல் என்று கொடுத்துவிட்டார்கள். ஹாஃபன்ஹைம் அணி மறு ஆட்டம் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. பிறகு நீ ஓடப்போகும் கோட்டை ஒருமுறை நடந்து பார். புல் எங்கே வழுக்குகிறது, தரை எங்கே மேடு தட்டுகிறது என்று உன் கால் தெரிந்து வைத்திருக்கட்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் குனிந்து பார்க்க நேரம் இருக்காது.

2. நடுவர் அறையில் சொல்வதைக் காது கொடுத்துக் கேள், அவர் உன்னைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் சரி. சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடு. உன் பக்கத்தில் நடக்கிற ஃபவுலை அவரே தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தால் உன் கொடிக்கு அங்கே வேலை இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவன் முழங்கையை வீசினால் மட்டும் பேசாமல் இருந்துவிடாதே. த்ரோ யாருக்கு என்று குழப்பமா? முதலில் அவர் கண்ணைப் பார், பிறகு கையைத் தூக்கு. ஆளுக்கொரு திசை காட்டினீர்களோ, அன்றைக்கு உங்கள் இருவர் பேச்சுக்கும் மதிப்பு போய்விடும்.

3. கடைசிக்கு முந்தின டிஃபென்டரை விட்டு அகலாதே. பந்து அவரைத் தாண்டிவிட்டால் பந்தோடு ஓடு. வேலையில் முக்கால்வாசி இதுதான். ஆஃப்சைடு தப்பாகப் போனால் ஊர் கண்ணைத் திட்டும். பெரும்பாலும் குற்றம் காலுடையது. 2000இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். நீ டிஃபென்டரைவிட ஒரு மீட்டர் கோல் பக்கமாகத் தள்ளி நிற்கிறாய் என்று வைத்துக்கொள். மைதானத்தின் அந்தக் கோடியில் அவருக்குச் சமமாக நிற்கிற ஃபார்வர்டு உன் கண்ணுக்கு ஆஃப்சைடாகத் தெரிவான். உன் பக்கமாக நிற்பவன் கொஞ்சம் தாண்டியே நின்றாலும் ஒழுங்காக நிற்பதாகத் தெரிவான். அதனால் மார்பு மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டிலேயே நகர்ந்து பழகு. முதல் அரை மணி நேரம் எல்லோரும் ஒழுங்காகத்தான் ஓடுவார்கள். சென்னைப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, எண்பதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும்போது, ‘இரண்டடி பின்னால் நின்றால் என்ன’ என்று மனசு சமாதானம் சொல்லும் பார், அப்போது ஓடுகிறாயா என்பதுதான் கேள்வி. சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த பலர் அந்த நேரத்தில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

4. வியாசர்பாடியில் பழகியவன் நீ. அங்கே பாஸ் கொடுக்கிற பூட் சத்தம் காதில் விழும், கண் கோட்டிலேயே இருக்கும். பெரிய ஸ்டேடியத்தில் ரசிகர்கள் டிரம் அடிக்கத் தொடங்கினால் அந்தச் சத்தம் உனக்குக் கிடைக்காது. பந்தடிப்பவன் காலை ஓங்குவதைக் கடைக்கண்ணால் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் பயிற்சி ஆட்டத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நில். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

5. கொடி தூக்க அவசரப்படாதே. ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமில்லை என்று உனக்கே தெரியும். பந்து அவனிடம்தான் போகிறதா, பின்னாலிருந்து ஒழுங்காக ஓடி வருபவன் எடுக்கிறானா என்று பார். ஆட்களை எண்ணு. 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், ஜோஹன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும். ஒரு கார்னரில் பந்து ஒருவர் தலையில் பட்டு வந்து கார்லோஸ் வேலா அதை வலைக்குள் தள்ளினார். கோல் கோட்டில் ஒரு டிஃபென்டர் நிற்கிறார், அப்புறம் எங்கே ஆஃப்சைடு என்று டிவி முன்னால் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் கத்தினோம். கொடி மேலே போயிருந்தது. கோல்கீப்பர் முன்னால் வந்து மாட்டிக்கொண்டதால் கோட்டில் நின்றவர்தான் கடைசி ஆள். வேலாவுக்கு முன்னால் இரண்டு பேர் வேண்டும், இரண்டாவது ஆள் இல்லை. அத்தனை இரைச்சலில் எண்ணத் தெரிந்ததே, அதுதான் நிதானம்.

6. அதே ஸ்டேடியம், அதே மெக்சிகோ, பதினாறு நாள் கழித்து. அர்ஜென்டினாவின் டெவஸ் எல்லோரையும் தாண்டி நின்று தலையால் முட்டினார். கொடி எழவில்லை. சற்று நேரத்தில் ஸ்டேடியத்தின் பெரிய திரையில் அதைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். மெக்சிகோ வீரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். நடுவர் ரொசெட்டி லைன்ஸ்மேனிடம் போய்ப் பேசினார். திரையைப் பார்த்து முடிவை மாற்ற அன்றைய விதியில் இடமில்லை, கோல் நின்றது. அந்த லைன்ஸ்மேன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பார்க்காமல் விடுவது எவனுக்கும் நடக்கும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லத் தொடங்கினால்தான் ஆள் கெட்டுப்போவான். விஏஆர் இல்லாத ஆட்டத்தில் நடுவருக்கு உன் வாய்தான் திரை. சரியாகத் தெரியாவிட்டால் ஹெட்செட்டில் ‘தெரியல சார்’ என்று சொல்லிவிடு.

7. தப்பு நடந்துவிட்டது என்று உனக்கே உறைக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் மறு அணிக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டத் தோன்றும். இதை எங்கள் காலத்தில் பெருந்தன்மை மாதிரியே செய்வார்கள், எனக்கு அருவருப்பாக இருக்கும். ஒரு தப்பை இரண்டாக்குகிற வேலை அது. அடுத்த பந்தை மட்டும் பார்.

8. பெஞ்சில் இருந்து கோச் கத்துவார். பதில் சொல்லாதே, முறைக்காதே. அது ஃபோர்த் அஃபிஷியல் தலைவலி. கேப்டன் மரியாதையாகக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல். கோல் சரி என்றால் கொடியைத் தாழ்த்திப் பிடித்து நடுக்கோட்டுப் பக்கம் விறுவிறுவென்று ஓடு. தயங்கி நின்றாயானால் பதினோரு பேரும் உன்னிடம் வந்துவிடுவார்கள்.

9. ஆட்டம் முடிந்ததும் போனைத் திறக்காதே. குளி, சாப்பிடு, தூங்கு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, பெரியம்மா மீன் குழம்பு வைப்பாள். கொடி சரியா தப்பா என்று நான் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு ஆஃப்சைடிலும் படத்தை நிறுத்தி, உன் கால் எங்கே இருந்தது என்று மட்டும் பார்ப்போம்.